வாங்கின மாட்டை அன்றைக்கே பட்டியில் விடாதீர்கள்

புது மாட்டை 14 நாள் தள்ளிக் கட்டுங்கள். தண்ணீர் வாளியும் வேறாக இருக்கட்டும். பட்டி மாடுகளைப் பார்த்து முடித்த பிறகே அதனிடம் போங்கள். செருப்பிலும் கையிலும் ஒட்டிக்கொண்டுகூட நோய் வரும்.

கால் வாய் நோய் தொற்றி 2 முதல் 14 நாளில்தான் வெளியே தெரியும். வாங்கும்போது நன்றாக நின்ற மாடு வீட்டுக்கு வந்தபின் நுரைநுரையாக வீணீர் வடிக்கும், குளம்பிடுக்கில் புண் வந்து நொண்டும். தள்ளிக் கட்டச் செலவு இரண்டு கிழமைப் புல்லும் ஒரு கயிறும். நோய் பட்டிக்குள் வந்தாலோ எல்லா மாட்டின் பாலும் விழுந்துவிடும், இளங்கன்றுகள் சாகும்.

திருகோணமலையில் கிண்ணியா, தம்பலகாமம் பக்கம் அறுவடை முடிந்த வயலில் எல்லார் மாடும் கலந்து மேயும்போது இது மட்டும் போதாது, தடுப்பூசி கட்டாயம். சினை கலைக்கிற புருசெல்லோசிஸ் நோயும் 14 நாளில் பிடிபடாது. அதற்குக் கால்நடை வைத்தியரிடம் இரத்தம் பரிசோதிக்க வேண்டும்.