அருங்காட்சியகப் புதுப்பிப்பும் புதுக் கட்டடமும்: கொங்கு நாட்டில் திட்டமிடும் முறை

பெரிய அருங்காட்சியகம் ஒன்றின் பழைய கட்டடத்தைப் புதுப்பித்து, அதே வளாகத்தில் புதிய கட்டடமும் எழுப்ப முனைவோர், கட்டட வரைபடத்துக்கு முன்பே பொருள்களின் பட்டியலைக் கையில் எடுக்க வேண்டும். கொடுமணல் போன்ற அகழாய்விடங்களில் கிடைத்த இரும்புப் பொருள்கள், சங்கு வளையல்கள், எழுத்துப் பொறித்த பானையோடுகள் ஆகியவற்றோடு நடுகற்களையும் பவானி ஜமக்காளத்தையும் சேர்த்துக் காக்கும் நிறுவனத்துக்கு ஒரே வகை அறை போதாது. இரும்புக்கு இயன்றவரை வறண்ட காற்று வேண்டும். துணிக்கும் ஓலைச்சுவடிக்கும் 50 விழுக்காட்டை ஒட்டி, அதிகம் ஏறி இறங்காத ஈரப்பதமும் 50 லக்ஸுக்கு மிகாத ஒளியும் தேவை. சங்குப் பொருள்களை மர அலமாரியில் பூட்டிவைத்தால் மரம் வெளியிடும் அமில ஆவியே அவற்றை அரித்துவிடும் என்பதால், வண்ணம் நன்கு காய்ந்த எஃகு அலமாரிகளைத் தேர்வது நல்லது. நடுகற்களுக்கு எடை தாங்கும் தரைத்தளமே உரிய இடம்.

பணியின் வரிசையே திட்டத்தின் உயிர்நாடி. முதலில் புதிய சேமிப்பறையைக் கட்டி, பொருள்களை அங்கு மாற்றிய பிறகே பழைய கட்டடத்தில் கைவைக்க வேண்டும். திறப்பு விழாவில் கண்ணில் படுவது காட்சிக்கூடம்தான் என்பதற்காகச் சேமிப்பறையைக் கடைசிக்குத் தள்ளினால், இடிப்புத் தூசிக்கும் ஒழுகலுக்கும் நடுவே பொருள்களை அறை அறையாக நகர்த்த நேரும்; சேதம் பெரும்பாலும் அப்படி நகர்த்தும்போதுதான் நிகழ்கிறது. புதிய கான்கிரீட்டும் பூச்சும் பல மாதங்கள் ஈரம் விடும். ஆகையால் கட்டடம் முடிந்த நாளுக்கும் பொருள்கள் குடியேறும் நாளுக்கும் இடையே உலர்வதற்கான காலத்தை ஒப்பந்தத்திலேயே எழுதிவிட வேண்டும்.

பழைய கட்டடத்தின் சுவர் எதனால் ஆனது என்பதைச் சோதித்த பிறகே மதிப்பீடு தயாரிக்க வேண்டும். கோவையில் காஸ் வன அருங்காட்சியகம் தொடங்கிய 1902ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் சுண்ணாம்புக் காரையே பெருவழக்கு. அத்தகைய சுவரின் மேல் சிமெண்ட் பூசினால், வெளியேற வழியில்லாத ஈரம் உள்ளேயே தங்கி உப்புப் பூத்து, செங்கல்லைப் பொடிக்கும்; சுண்ணாம்புக்குச் சுண்ணாம்புதான் மருந்து. கூரையைப் பிரிக்கும் வேலையைப் பொங்கலுக்குப் பின் தொடங்கிக் கோடை மழைக்கு முன் முடிப்பது பாதுகாப்பானது. பாலக்காட்டுக் கணவாய் வழியே காற்று வீசும் மாதங்களில் மேற்குப் பக்கச் சன்னல்களைத் தூசி புகாமல் அடைத்துவைக்க வேண்டும்.

1900 பிப்ரவரியில் கோவை வட்டாரத்தை உலுக்கிய நிலநடுக்கத்தை எண்ணி, காட்சிப் பேழைகளைத் தரையோடும் சுவரோடும் பிணைப்பதற்கான செலவையும் மதிப்பீட்டில் சேர்க்கலாம். கதவு, மின்தூக்கி, தாழ்வாரம் ஆகியவற்றின் அகலத்தை, பொதிந்து கட்டிய நிலையில் உள்ள மிகப் பெரிய பொருளைக் கொண்டு அளக்க வேண்டும். குளிரூட்டியை வெற்று அறையில் ஓட்டி, ஈரப்பதத்தை மழைக்காலம் ஒன்று முழுவதும் பதிவுசெய்து, அளவு நிலைபெற்ற பிறகே முதல் பெட்டியை உள்ளே கொண்டுவர வேண்டும்.