கணினியின் சிபியுவில் எட்டு கோர் (தனித்தனியாக வேலை செய்யும் பகுதிகள்) இருந்தும் இசைப் பதிவு மென்பொருளில் ஆடியோ வெட்டுகிறதா?
சிபியு மீட்டர் 30 சதவீதம்தான் காட்டும். ஹெட்ஃபோனில் மட்டும் டப் டப்பென்று வெடிக்கும். ஒரே டிராக்கில் வரிசையாக மாட்டிய பிளக்இன்களில் (ஒலியை உருவாக்கும், மாற்றும் துணை மென்பொருள்கள்), முன்னது முடித்துத் தந்தால்தான் அடுத்தது தொடங்க முடியும். அதனால் அந்த வரிசை முழுக்கப் பெரும்பாலும் ஒரே கோரின் தலையில் விழுகிறது. 48 கிலோஹெர்ட்ஸில் 128 சாம்பிள் பஃபர் (ஒரே தடவையில் கணக்கிடும் ஒலித்துண்டு) என்றால் அதை முடிக்கக் கையில் இருப்பது சுமார் 2.7 மில்லிசெகண்ட். அதற்குள் முடிக்காவிட்டால் வெடிப்புதான், மற்ற ஏழு கோரும் சும்மா உட்கார்ந்திருந்தாலும்!

ஒரு டிராக்கில் மூன்று கனமான சின்த்களை (இசை ஒலி உருவாக்கும் பிளக்இன்கள்) அடுக்கியிருந்தால் மூன்று டிராக்காகப் பிரியுங்கள்; வேலை தானாகப் பங்காகும். எல்லா டிராக்கும் சேரும் மாஸ்டர் டிராக்கில் லிமிட்டர், லீனியர் ஃபேஸ் ஈக்யூ மாதிரியான பிளக்இன்களை எல்லாம் மிக்ஸ் முடியும்போது போட்டுக்கொள்ளலாம். எல்லா டிராக்கும் வந்து சேர்ந்த பிறகே மாஸ்டர் ஓடும், அங்கே பங்கு போட ஆளில்லை. ரெக்கார்டிங் முடிந்ததும் பஃபரை 1024 ஆக்கிவிடுங்கள், கணக்கிட அதிக நேரம் கிடைக்கும்.