மலைப்பக்கம் திரும்பினால் கருந்திரை: என் அனுபவம்

விமான சிமுலேட்டரில் சேலம் காமலாபுரம் ஓடுபாதையிலிருந்து செஸ்னா 172 என்ற சிறு விமானத்தை எடுத்து, கிழக்கே சேர்வராயன் மலைப்பக்கம் திருப்பினால் போதும், திரை கறுத்துவிடும். இன்ஜின் சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் கேட்கும், அப்புறம் டெஸ்க்டாப்தான். ஓமலூர் சமவெளியில் எவ்வளவு சுற்றினாலும் ஒன்றும் ஆகாது.

விண்டோஸ் கோளாறுகளைக் குறித்து வைக்கும் ஈவென்ட் வியூவரைத் திறந்தால் 4101 என்ற பதிவு. டிஸ்ப்ளே டிரைவர் (கிராபிக்ஸ் கார்டை இயக்கும் மென்பொருள்) பதில் தரவில்லை என்று அர்த்தம். கிராபிக்ஸ் கார்டு 2 விநாடி பதிலில்லாமல் நின்றால் விண்டோஸ் டிரைவரை மறுபடி தொடக்கிவிடும். விளையாட்டு அதோடு காலி. அந்த 2 விநாடியை ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் தன் அமைப்புகளை வைத்திருக்கும் இடம்) கூட்டச் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கார்டு திணறுவது அப்படியேதானே இருக்கும்?

சேஃப் மோடில் பழைய டிரைவரை டிடியு என்ற டிரைவர் நீக்கும் கருவி கொண்டு துடைத்துப் புதிதாகப் போட்டேன், ஷேடர் கேஷ் என்ற கிராபிக்ஸ் தற்காலிகக் கோப்புகளையும் அழித்தேன். பலனில்லை.

என் கார்டு தயாரிப்பிலேயே வேகம் கூட்டப்பட்டது. மலைச்சரிவில் மரம், நிழல், மேகம் எல்லாம் சேரும்போது அதற்கு மூச்சு முட்டுகிறது. போதாக்குறைக்குச் சேலத்துச் சித்திரை வெயில். ஆஃப்டர்பர்னர் என்ற கார்டு வேகம் மாற்றும் மென்பொருளில் கோர் கிளாக்கை (கார்டு ஓடும் வேகம்) 100 மெகாஹெர்ட்ஸ் குறைத்து, ஃப்ரேம் எண்ணிக்கையை விநாடிக்கு 30-க்குள் கட்டினேன். கேபினெட் முன்வலையில் கம்பளி மாதிரி படிந்திருந்த தூசியையும் எடுத்தேன் (தெருவில் சாக்கடை வேலை, கேட்கவே வேண்டாம்). கார்டின் சூடு 86-லிருந்து 74 டிகிரிக்கு இறங்கியது.

இப்போது ஏற்காடு ஏரிமேல் தாழப் பறக்க முடிகிறது. மரங்களின் அடர்த்தியை மட்டும் 'மீடியம்' தாண்டி வைப்பதில்லை. இதே கோளாறு உள்ளவர்கள் முதலில் கிளாக்கைக் குறைத்துப் பாருங்கள், டிரைவரை அப்புறம் தொடலாம்.