பாஸ் குளத்தில் தீனிமீன் தீர்ந்துபோனபோது

அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் அரை ஏக்கர் குளம். ஸ்மால்மவுத் பாஸ் என்ற வேட்டை மீனையும் அதற்கு இரையாக ஃபேட்ஹெட் மின்னோ என்ற பொடிமீனையும் ஒரே நாளில் விட்டேன், அதுதான் தப்பு. மின்னோ வேகமாக நீந்தத் தெரியாத அப்பாவி மீன். இரண்டே கோடையில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. தூண்டிலில் வந்த பாஸெல்லாம் தலை பெருத்து வயிறு ஒட்டிக் கிடந்தன.

இரைக்குப் புளூகில் என்ற இன்னொரு மீனை விடச் சொன்னார்கள். மாட்டேன் என்றுவிட்டேன். ஸ்மால்மவுத்தின் சின்ன வாயால் புளூகிலின் பெருக்கத்துக்கு ஈடுகொடுக்க முடியாது. போதாததற்கு புளூகில் பாஸ் முட்டையையும் தின்னும்.

சரி என்று, மின்னோ ஒளிந்துகொள்ள இடமாகப் பழைய கிறிஸ்துமஸ் மரங்களைக் கல் கட்டி அமிழ்த்தினேன். அது முட்டையிட, ஆழமில்லாத கரையோரத்தில் இரண்டு மரப் பேலட் (சரக்கு அடுக்கும் பலகைத் தட்டு). அப்புறம் வசந்தத்தில் மறுபடி மின்னோ, கூடவே கோல்டன் ஷைனர் என்ற இன்னொரு இரைமீன். ஜூனில் ஒரு பேலட்டைத் தூக்கிப் பார்த்தால், பலகையின் அடியில் அப்பிய முட்டைகள். காவலுக்கு நின்ற ஆண் மின்னோ, முகமெல்லாம் இனப்பெருக்கக் காலத்துப் பருவோடு, என் விரலையே முட்டியது.