பழைய பைக் சூடாகிறதா? இன்ஜினைப் பிரிப்பதற்கு முன் இதையெல்லாம் பாருங்கள்

காற்றால் குளிரும் இன்ஜின் என்றாலே சூடுதான். ஸ்பிளெண்டர், ஆர்எக்ஸ் 100, வார்ப்பிரும்பு புல்லட், டிவிஎஸ் எக்ஸ்எல் எதுவானாலும் ஓட்டி நிறுத்தியதும் இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் சுர்ரென்று போய்விடும், அதை வைத்து ஒரு முடிவுக்கும் வர முடியாது, ஏனென்றால் நல்ல இன்ஜினின் ஹெட்டும் 100 டிகிரிக்கு மேல்தான் ஓடும். கால் சுடுவதும் நோய் இல்லை. பயப்பட வேண்டிய அறிகுறிகள் வேறு. கொஞ்ச தூரம் போனதும் இழுவை குறைவது, ஆக்ஸிலரேட்டரைத் திருகினால் ஹெட்டிலிருந்து கிணுகிணு என்று தட்டும் சத்தம் வருவது, சாவியை அணைத்த பிறகும் இரண்டு மூன்று உதறு உதறி நிற்பது, ஆயில் கருகிய வாடை. இதில் ஏதாவது வந்தால் உடனே ஓரம் கட்டுங்கள். தயவுசெய்து தண்ணீர் ஊற்றாதீர்கள், சூட்டில் இருக்கும் ஹெட் வளையும், இன்ஜினைச் சுற்றி அடுக்கடுக்காக இருக்கும் ஃபின் தகடு விரிசல் விடும். காற்று வரும் திசையைப் பார்த்து வண்டியைத் திருப்பி நிறுத்திவிட்டு ஒரு டீ குடித்தால் போதும்.

அடுத்து காற்றைக் கணக்குப் போடுங்கள். நம் ராமநாதபுரம் பக்கம் இதுதான் முதல் சோதனை, ஆனால் யாரும் செய்வதில்லை. கச்சான், அதாவது மேற்கிலிருந்து வரும் காற்று, அடிக்கும் மாதங்களில் சாயல்குடியிலிருந்து ஏர்வாடி, கீழக்கரை வழியாக வந்தாலும் சரி, ராமநாதபுரத்திலிருந்து உச்சிப்புளி, மண்டபம் போனாலும் சரி, காற்று முதுகில்தான் இருக்கும். நீங்கள் 40 கிலோமீட்டர் வேகத்தில் போக, பின்னாலிருந்து காற்று 25-ல் தள்ளினால், இன்ஜின் மேல் படுவது 15 கிலோமீட்டர் காற்றுதான். ஃபின்னுக்கு அது போதாது, அதிலும் பின்சீட்டில் ஐஸ் போட்ட மீன் பெட்டி இருந்தால் சொல்லவே வேண்டாம். அதனால் ஒரே ரோட்டில் போகவும் வரவும் ஓட்டிப் பாருங்கள். கிழக்கே போகும்போது மட்டும் சூடேறி, திரும்பும்போது சரியாக இருந்தால், பெரும்பாலும் வண்டியில் கோளாறு இல்லை, மூன்றாவது கியரில் கொஞ்சம் நிதானமாகப் போய், வழியில் ஒரு முறை நிறுத்தினால் தீர்ந்தது. இரண்டு பக்கமும் சூடானால் தொடர்ந்து படியுங்கள்.

ஃபின்களுக்கு இடையில் டார்ச் அடித்துப் பாருங்கள். உப்புக்காற்று, மணல், கசிந்த ஆயில் மூன்றும் சேர்ந்து கெட்டியாக அப்பியிருக்கும், இன்ஜினுக்குப் போர்வை போர்த்தின மாதிரி. வண்டி முழுதும் ஆறிய பிறகு மண்ணெண்ணெயோ டீசலோ தடவி ஊறவிட்டு, பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் தேய்த்து எடுங்கள். ஸ்க்ரூ டிரைவரால் நோண்டினால் ஃபின் உடையும். கழுவும்போது ஒன்று, நம்மூர் போர் தண்ணீர் பாதி இடங்களில் உப்பு, அதிலேயே கழுவி வெயிலில் காயவிட்டால் கழுவின உப்பு திரும்ப வந்து உட்கார்ந்துகொள்ளும். குடிக்கிற தண்ணீரை வண்டிக்கு ஊற்றச் சொல்ல எனக்கும் மனசு வராது, ஆனால் கடைசி அலசலுக்கு மட்டும் ஒரு அரைக்குடம் நல்ல தண்ணீர் ஒதுக்குங்கள். ஃபின் மேல் பளபளவென்று தடிமனாக பெயின்ட் அடித்திருந்தால் சுரண்டிவிடுங்கள். கிராஷ் கார்டில் தண்ணீர் கேனும் பையும் கட்டித் தொங்கவிட்டிருந்தால் அதையும் கழற்றுங்கள், காற்று வருகிற வாசலே அதுதான்.

இனி பிரேக். இன்ஜின் சூட்டுக்கும் பிரேக்குக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பார்கள். டிரம் பிரேக்கில் ஷூவைத் தள்ளும் கேம் உப்பில் துருப்பிடித்து இறுகிவிட்டால், பெடலிலிருந்து காலை எடுத்தாலும் ஷூ முழுதாகத் திரும்பாது, வண்டி நாள் முழுதும் பாதி பிரேக்கோடு ஓடும், பாவம் அந்த இன்ஜின் அதையும் சேர்த்து இழுக்கும். சென்டர் ஸ்டாண்ட் போட்டு நியூட்ரலில் பின்சக்கரத்தைச் சுற்றிவிடுங்கள், தாராளமாகச் சுற்ற வேண்டும். ஓட்டி வந்ததும் ஹப் பக்கம் கையைக் கொண்டுபோனால் அனல் அடிக்கிறதா பாருங்கள். அடித்தால் கேமைக் கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து, கிரீஸ் வைத்து மாட்டினால் முடிந்தது. ஸ்பிளெண்டர் மாதிரி வண்டியில் பெடலுக்கு 20 முதல் 30 மில்லிமீட்டர் ஆட்டம் இருக்க வேண்டும். செயின் விறைப்பையும், டயர் காற்றையும், கிளட்ச் நழுவுகிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள். ரேஸ் ஏறியும் வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச்தான். கார் ஆயிலை ஊற்றியிருந்தாலும் கிளட்ச் நழுவலாம், டப்பாவில் ஜாசோ எம்ஏ என்று போட்டிருக்கிற பைக் ஆயில்தான் வேண்டும்.

ஆயில் அளவைச் சாய்ந்த ஸ்டாண்டில் பார்க்காதீர்கள். இன்ஜினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு அணைத்து, இரண்டு மூன்று நிமிடம் கழித்து, வண்டியை நிமிர்த்தி, ஸ்பிளெண்டரில் டிப்ஸ்டிக்கை மரை திருகாமல் சும்மா உட்காரவைத்துப் பாருங்கள். பழைய புல்லட்டில் ஆயில் மூடியைத் திறந்துவிட்டு ஸ்டார்ட் செய்தால் திரும்பி வரும் ஆயில் கொட்டுவது தெரியும், தெரியவில்லை என்றால் ஓட்டாதீர்கள். பழைய டூ-ஸ்ட்ரோக் எக்ஸ்எல்லுக்கு பெட்ரோல் லிட்டருக்கு 20 மில்லி 2டி ஆயில். அளவு பார்க்காமல் கண்மூடித்தனமாக ஊற்றுவதும், மிச்சம் பிடிப்பதற்காக ஊற்றாமலே ஓட்டுவதும் பிஸ்டனை ஜாம் ஆக்கும். ஆர்எக்ஸில் ஆயில் பம்ப் தனி, டேங்கில் ஆயில் இருக்கிறது என்று நம்பி இருக்காமல், பம்ப்புக்குப் போகும் கேபிள் நிஜமாக இழுக்கிறதா, குழாயில் காற்றுக்குமிழ் நிற்கிறதா என்று பாருங்கள்.

இதுவரை சரி என்றால் பெட்ரோல் கலவை. இங்கேதான் நிறையப் பேர் மாட்டுகிறார்கள். பெட்ரோல் குறைந்து காற்று கூடினால் சூடு ஏறும். நல்ல நேர் ரோட்டில் பாதிக்கு மேல் ஆக்ஸிலரேட்டர் கொடுத்துக் கொஞ்ச தூரம் ஓட்டி, கிளட்ச் பிடித்துச் சாவியை ஆஃப் வரை மட்டும் திருப்பி ஓரம் கட்டி, பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். கையுறையோ தடித்த துணியோ வேண்டும். நுனி இளம்பழுப்பாக இருந்தால் நல்லது. கருப்புப் புகை படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம், சூட்டுக்குக் காரணம் அதுவல்ல. வெளுத்து, சாம்பல் நிறத்தில், பொரிந்தது போல் இருந்தால் கலவை காய்ந்துபோயிருக்கிறது.

அதற்குக் காரணங்கள் பல. டேங்க் துரு வந்து, கார்பரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் மெயின் ஜெட்டைப் பாதி அடைத்திருக்கும், ஜெட்டைக் கம்பியால் குத்தாமல் காற்றடித்துச் சுத்தம் செய்யுங்கள். கார்பரேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவில் இருக்கிற ரப்பர் வெயிலில் வெடித்திருக்கும். ஐடிலில் ஓடும்போது அந்த இணைப்பில் கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள், சத்தம் மாறினால் அங்கே காற்று உள்ளே போகிறது. ஆக்ஸிலரேட்டரை விட்டபிறகும் ரேஸ் உடனே இறங்காமல் தொங்குவதும் இதே கோளாறுதான். ஃபில்டரைக் கழற்றி எறிந்துவிட்டு, சத்தத்துக்காகச் சைலன்சரையும் மாற்றி ஓட்டுகிற தம்பிகளே, உங்கள் வண்டி சூடாவதற்கு வேறு காரணம் தேட வேண்டாம். இன்னொன்று, 2025-ல் பங்க்குகளில் பரவலாகிவிட்ட பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். எத்தனாலிலேயே ஆக்ஸிஜன் இருப்பதால், பழைய கார்பரேட்டருக்கு அதே ஜெட்டில் கலவை இன்னும் காயும். பிளக் தொடர்ந்து வெளுத்தே வந்தால் மெயின் ஜெட்டை ஒரு நம்பர் பெரிதாகப் போட்டு மறுபடி பிளக் பாருங்கள், ஒரேயடியாக மூன்று நம்பர் தாண்டாதீர்கள்.

வால்வுக்கு விடும் இடைவெளியான டேப்பட்டும், பிளக் பொறி விடும் நேரமான டைமிங்கும் கடைசி. டேப்பட் இறுக்கமாக இருந்தால் வால்வு முழுதாக மூடாது, எக்ஸாஸ்ட் வால்வு கருகும். இன்ஜின் ஆறியிருக்கும்போதுதான் பார்க்க வேண்டும். வார்ப்பிரும்பு புல்லட்டில் வால்வைத் தள்ளும் கம்பியான புஷ்ராடு விரலால் உருட்டினால் சுற்ற வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. அதே புல்லட்டில் பொறிக்கான மின்சாரத்தைத் துண்டிக்கும் பிளாட்டினம் பாயின்ட்டின் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர், அது தேய்ந்து மாறினால் டைமிங்கும் மாறும். டைமிங் பிந்தினால் சைலன்சர் பைப் இன்ஜின் பக்கத்தில் நீலம் பாயும், முந்தினால் தட்டும் சத்தம் வரும். டூ-ஸ்ட்ரோக்கில் சைலன்சர் உள்குழாயில் கரி அடைத்திருந்தாலும் சூடுதான், கழற்றிச் சுரண்டுங்கள்.

இவ்வளவும் பார்த்த பிறகும் சூடு குறையாமல், சைலன்சரில் நீலப்புகை வந்து, கிக்கரை மிதித்தால் கால் லேசாக இறங்கினால், அப்போது "இன்ஜின் வேலை இருக்குண்ணே" என்று மெக்கானிக் சொல்வதை நம்பலாம். வண்டியை விடும்போது பிளக்கையும் கையில் கொண்டுபோங்கள், எதையெல்லாம் பார்த்தாயிற்று என்பதையும் சொல்லிவிடுங்கள்.