பழைய கிராபிக்ஸ் கார்டுகளில் எது வேகம்? ஆரம்பநிலைக்காரர்களுக்கு ஒரு செய்முறை

"ஜிடிஎக்ஸ் 1050 டிஐ வாங்கலாமா, ஆர்எக்ஸ் 570 வாங்கலாமா?" கடலூரிலும் பாண்டியிலும் கேம் விளையாடுகிற பையன்கள் கூடினால் இந்தக் கேள்வி வந்துவிடும். முன்னது என்விடியா கம்பெனியின் கார்டு, பின்னது ஏஎம்டியின் கார்டு. வேகத்தை மட்டும் கேட்டால் பதில் சுலபம், 570தான். உங்கள் கம்ப்யூட்டரில் எது ஒழுங்காக ஓடும் என்று கேட்டால் பதில் மாறலாம். அதனால் கார்டை அப்புறம் பார்ப்போம், முதலில் உங்கள் பெட்டி.

படி 1: கேபினட்டைத் திறந்து பாருங்கள்

ஆபீஸ்களில் கழித்துவிட்ட டெல், எச்பி கம்ப்யூட்டரை வாங்கி அதில் கார்டு போட நினைப்பவர்கள் நிறைய. அந்தப் பெட்டிகளின் எஸ்எம்பிஎஸ்ஸில் (உள்ளே மின்சாரம் தரும் பாகம்) கிராபிக்ஸ் கார்டுக்கென்று தனி வயர் பெரும்பாலும் இருக்காது. மதர்போர்டில் உள்ள ஸ்லாட் அதிகபட்சம் 75 வாட் தரும். 6 பின் வயர் இருந்தால் இன்னொரு 75 வாட், 8 பின் என்றால் 150 வாட்.

1050 டிஐக்கு 75 வாட் போதும், பெரும்பாலான மாடல்களுக்குத் தனி வயரே வேண்டாம். 570க்கு 150 வாட் வேண்டும், தனி வயர் இல்லாமல் நடக்காது. கன்வெர்ட்டர் வயர் போட்டுச் சமாளிக்கலாம் என்று கடையில் சொல்வார்கள். சின்ன எஸ்எம்பிஎஸ்ஸில் அந்த வேலையே வேண்டாம். புது எஸ்எம்பிஎஸ் வாங்கும் செலவையும் 570இன் விலையோடு கூட்டிப் பாருங்கள். சில ஆபீஸ் பெட்டிகளில் சாதாரண எஸ்எம்பிஎஸ் பொருந்தவே பொருந்தாது, அதையும் முன்னாடியே பார்த்துவிடுங்கள்.

கேபினட் ஒல்லியானதா? அப்படியானால் பாதி உயரக் கார்டுதான் உள்ளே போகும். மானிட்டரில் பழைய விஜிஏ இணைப்பு மட்டும்தான் இருக்கிறதா? 1050 டிஐயும் 570உம் விஜிஏ சிக்னல் தராதவை. கன்வெர்ட்டர் தனியாக வாங்க வேண்டும்.

படி 2: பெயரை நம்பாதீர்கள்

1060 என்றால் 960ஐவிட வேகம் என்பது சரிதான். எண் பெரிதாக இருந்தால் எப்போதுமே வேகம் என்று நினைப்பதில்தான் ஏமாறுகிறோம். முதல் இலக்கங்கள் தலைமுறையைச் சொல்லும், கடைசி இரண்டு இலக்கங்கள் அந்தத் தலைமுறைக்குள் அதன் இடத்தைச் சொல்லும். 2017இல் வந்த ஜிடி 1030, 2014இல் வந்த ஜிடிஎக்ஸ் 970க்குப் பக்கத்தில்கூட வராது.

இன்னும் மோசம், ஒரே பெயரில் வெவ்வேறு கார்டுகள் இருப்பது. ஜிடிஎக்ஸ் 1060இல் 3 ஜிபி, 6 ஜிபி என்று இரண்டு உண்டு. வித்தியாசம் மெமரியில் மட்டும் என்று நினைப்போம். ஆனால் 6 ஜிபி கார்டில் 1280 கோர் (சிப்புக்குள் கணக்குப் போடும் சின்ன அலகு), 3 ஜிபியில் 1152தான். ஆர்எக்ஸ் 580 என்ற பெயரிலும் 2048 கோர் உள்ள ஒன்று சுற்றுகிறது. உண்மையான 580க்கு 2304 கோர். 2048 என்பது 570இன் கணக்கு.

கோர் எண்ணிக்கையை ஒரே தலைமுறைக்குள் மட்டும் ஒப்பிடுங்கள். ஜிடிஎக்ஸ் 780இல் 2304 கோர், 970இல் 1664. இருந்தும் கேமில் 970 பின்தங்குவதில்லை, மின்சாரமும் குறைவாகவே எடுக்கும். என்விடியா கோரையும் ஏஎம்டி கோரையும் பக்கத்தில் வைத்து எண்ணுவதில் சுத்தமாக அர்த்தமில்லை.

படி 3: மெமரிக்கு ஒரு சின்னக் கணக்கு

எல்லோரும் "எத்தனை ஜிபி?" என்று மட்டும் கேட்கிறார்கள். என்ன வகை மெமரி, பஸ் அகலம் (மெமரிக்கும் சிப்புக்கும் நடுவே உள்ள பாதை எத்தனை பிட்) எவ்வளவு என்றும் கேளுங்கள். பஸ் அகலத்தை 8ஆல் வகுத்து மெமரி வேகத்தால் (ஜிபிபிஎஸ் கணக்கில்) பெருக்கினால், ஒரு நொடிக்கு எத்தனை ஜிபி தகவல் போய்வரும் என்று தெரிந்துவிடும்.

1050 டிஐ: 128 பிட், வேகம் 7. 16 × 7 = 112 ஜிபி.
ஆர்எக்ஸ் 570: 256 பிட், வேகம் 7. 32 × 7 = 224 ஜிபி.
ஜிடி 1030, ஜிடிடிஆர்5: 64 பிட், வேகம் 6. 8 × 6 = 48 ஜிபி.
ஜிடி 1030, டிடிஆர்4: 64 பிட், வேகம் 2.1. வெறும் 16.8 ஜிபி.

கடைசி இரண்டுக்கும் ஒரே பெயர், இரண்டிலும் 2 ஜிபி மெமரி. டிடிஆர்4 கார்டு பல கேம்களில் மற்றதன் பாதி வேகத்துக்கே திணறும். ஜிடி 730 வாங்கப் போகிறவர்களுக்கும் இதே எச்சரிக்கை. டிடிஆர்3 போட்ட ஜிடி 730ஐக் கேமுக்காக வாங்குவதைவிட அந்தக் காசை எடுத்து வைப்பது மேல்.

படி 4: டிரைவர் இன்னும் வருகிறதா?

கார்டை இயக்கும் மென்பொருள்தான் டிரைவர். என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 600 கார்டுகளுக்கும் 700 வரிசையில் பெரும்பாலானவற்றுக்கும் புதுக் கேம் டிரைவர் 2021இலேயே நின்றுவிட்டது. 750 டிஐ மாதிரி சில கார்டுகள் 700 வரிசைப் பெயரில் இருந்தாலும் உள்ளே அடுத்த தலைமுறைச் சிப், அதனால் அவை அப்போது தப்பித்தன. அவற்றுக்கும் 900, 1000 வரிசைகளுக்கும் 2025 அக்டோபரோடு கேம் டிரைவர் முடிந்தது. இனி 2028 அக்டோபர் வரை பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும்தான். ஜிடிஏ 5, வேலோரன்ட் மாதிரி கேம்களுக்கு இதனால் உடனே ஒன்றும் ஆகிவிடாது. புதிதாக வருவதை எல்லாம் விளையாட ஆசை இருந்தால் 75 வாட்டில் ஜிடிஎக்ஸ் 1650 பாருங்கள்.

படி 5: வீடியோ ஒப்பீட்டைப் பார்க்கும் விதம்

யூடியூபில் உங்கள் இரண்டு கார்டுகளின் பெயரையும் போட்டால் ஏகப்பட்ட வீடியோ வரும். பார்க்க வேண்டியது மூன்று: எந்தப் புராசஸர், எந்த ரெசல்யூஷன், எந்த செட்டிங். அவர்கள் புத்தம்புது புராசஸரில் ஓட்டிக் காட்டுவார்கள். உங்கள் பழைய ஐ3இல் அதே கார்டு அந்த எண்ணைத் தொடாது. வேலோரன்ட் மாதிரி புராசஸரை நம்பி ஓடும் கேமில் இரண்டு கார்டும் கிட்டத்தட்ட ஒரே எண்ணில் வந்து நிற்கக்கூடும். அங்கே 570க்குக் கூடுதல் காசு கொடுப்பது வீண்.

சராசரி எஃப்பிஎஸ்ஸோடு (ஒரு நொடிக்குத் திரையில் வரும் படங்கள்) "1% லோ" என்று, மிக மெதுவாக ஓடும் தருணங்களின் எண்ணைப் போட்டிருப்பதையும் பாருங்கள். சராசரி 70 காட்டி அடிக்கடி 25க்கு விழும் கார்டைவிட, சராசரி 60இல் நின்று 48க்குக் கீழே போகாத கார்டில் விளையாடுவது சுகம். கார்டைக் கையில் எடுத்துக் காட்டாமல் எண்களை மட்டும் ஓட விடும் சேனல்களை நான் நம்புவதில்லை.

படி 6: காசு கொடுக்கும் முன் சோதனை

பாண்டி காந்தி வீதி ஞாயிறு சந்தை மாதிரி இடத்தில் கார்டு கண்ணில் பட்டால் ஓட்டிப் பார்க்க வழி இருக்காது. விலையும் அதற்குத் தகுந்தாற்போல் இருந்தால்தான் தொடுவேன். வீட்டில் வைத்து விற்பவர் என்றால், கம்ப்யூட்டரில் மாட்டி ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

முதலில் ஜிபியு-இஸட் என்ற இலவச மென்பொருளைத் திறங்கள். கோர், மெமரி வகை, பஸ் அகலம் எல்லாம் அதில் இருக்கும். பழைய ஜிடிஎஸ் 450இன் பயாஸை (கார்டுக்குள் இருக்கும், அதன் பெயரைச் சொல்லும் மென்பொருள்) மாற்றி 1050 டிஐ என்று விற்கும் வேலை நடந்திருக்கிறது. அப்படிப்பட்ட பல கார்டுகளை அந்த மென்பொருளே போலி என்று காட்டிக்கொடுக்கும்.

அப்புறம் யூனிஜின் ஹெவன் பெஞ்ச்மார்க்கை இருபது நிமிடம் ஓட விடுங்கள். திரையில் புள்ளி, கோடு வந்தால் அங்கேயே விட்டுவிடுங்கள். வெப்பம் 85 டிகிரியைத் தாண்டினால், சிப்பின் மேல் வெப்பம் கடத்தத் தடவும் பேஸ்ட்டை மாற்றும் செலவை விலையில் குறைத்துக் கேளுங்கள். ஓடும்போது ஃபேன் சத்தத்தையும் கேளுங்கள்.

கடைசியாக டார்ச் அடித்து எச்டிஎம்ஐ துளை, பின்பக்கத் தகடு, ஸ்குரூ மூன்றையும் பாருங்கள். கடலூரில் கடலோரம் உள்ள தேவனாம்பட்டினம், முதுநகர் பக்கம் ஜன்னலோரம் இருந்த கம்ப்யூட்டர் என்றால் உப்புக் காற்றில் துரு ஏறியிருக்கும். தகட்டில் மட்டும் இருந்தால் பரவாயில்லை. சிப்பைச் சுற்றியுள்ள சின்னச் சின்ன பாகங்களில் பச்சை படிந்திருந்தால் எந்த விலைக்கும் வேண்டாம்.