எல்லாப் பாடத்திலும் வாசிப்பு: ஆசிரியர் பயிற்சியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2022இல் தமிழ்நாடு அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்த பிறகு, தொடக்க வகுப்புகளில் வாசிப்புக்குக் கவனம் கூடியிருக்கிறது. ஆனால் ஆறாம் வகுப்பில் பாடத்துக்கு ஓர் ஆசிரியர் என்று ஆனவுடன், வாசிப்பு தமிழாசிரியரின் தலையில் விழுந்துவிடுகிறது. வாசிப்புப் பயிற்சிக்கு மொழியாசிரியர்களை மட்டும் வட்டார வள மையத்துக்கு (வட்டார அளவில் ஆசிரியர் பயிற்சி நடக்கும் இடம்) அழைப்பது அந்த எண்ணத்தை மேலும் உறுதிப்படுத்தும்.

எல்லோரையும் அழைத்தாலும், 'கடினச் சொல்லை அடிக்கோடிடு, சுருக்கி எழுது' என்று எல்லாப் பாடத்துக்கும் ஒரே உத்தியைக் கொடுத்து அனுப்புவது இன்னொரு தவறு. இந்தக் கணக்கைப் பாருங்கள்: 'முத்துவிடம் 45 மூட்டை மஞ்சள் உள்ளது. இது வேலுவிடம் உள்ளதைவிட 12 மூட்டை அதிகம் எனில், வேலுவிடம் உள்ள மூட்டைகள் எத்தனை?' ஈரோட்டுப் பக்கத்துப் பிள்ளைக்கு மஞ்சள் மூட்டையும் தெரியும், கழித்தலும் தெரியும். ஆனாலும் 'அதிகம்' கண்ணில் பட்டவுடன் கூட்டி 57 என்று எழுதிவிடுகிறது. 33 என்ற விடை வர வேண்டுமானால், 'இது' எதைக் குறிக்கிறது, யாரிடம் உள்ளதைவிட அதிகம் என்று திரும்பிப் படித்தாக வேண்டும். இங்கே அடிக்கோடிட ஒரு கடினச் சொல்லும் இல்லை. 'அதிகம் என்றால் கூட்டு, குறைவு என்றால் கழி' என்று சூத்திரம் சொல்லித்தரும் வழக்கம்தான் (நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார்கள்) இப்பிழையை வளர்க்கிறது. மேலும் பத்துக் கழித்தல் கணக்குகள் கொடுத்து இது தீராது. ஆசிரியர் தாம் அந்த வாக்கியத்தை எப்படிப் பிரித்துப் படிக்கிறார் என்பதை வாய்விட்டுச் சொல்லிக் காட்டப் பழக வேண்டும்.

சமூக அறிவியலில் சிக்கல் வேறு. 'பவானி ஆற்றின் குறுக்கே கட்டப்பட்டு 1955இல் நிறைவடைந்த பவானிசாகர் அணையிலிருந்து பிரியும் கீழ்பவானி வாய்க்கால் ஈரோடு மாவட்ட வயல்களுக்கு நீர் தருகிறது' என்பதைத் தடங்கலின்றிப் படித்த மாணவரிடம், 1955இல் நிறைவடைந்தது எது என்று கேட்டால் 'வாய்க்கால்' என்று பதில் வரலாம். சரளத்தைப் புரிதலாகக் கொள்ளக் கூடாது. இதற்கு நேர்மாறாக, திருப்பூர் பனியன் தொழிலுக்கு வந்த வடமாநிலக் குடும்பத்துப் பிள்ளை தமிழில் எழுத்துக்கூட்டவே திணறலாம். இருவருக்கும் ஒரே பயிற்சித்தாள் உதவாது.

வரிசையாக ஆளுக்கொரு பத்தி படிக்க வைப்பதையும் பயிற்சியில் மாதிரியாகக் காட்ட வேண்டாம். ஒருவர் படிக்கும்போது மற்றவர்கள் தங்கள் பத்தி எது என்று எண்ணிக்கொண்டிருப்பார்கள்.

ஒருநாள் முழுதும் திரையில் படம் காட்டி, தேநீரும் தந்து, வருகைப் பதிவோடு முடித்துக்கொள்வதுதான் பெருந்தவறு. ஒவ்வோர் ஆசிரியரும் அடுத்த வாரம் நடத்தவிருக்கும் பாடப் பக்கத்தை மேசைமேல் விரித்து, மாணவர் எங்கே இடறுவார் என்று குறித்துக்கொண்டு போக வேண்டும். அக்கம்பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் அடுத்த குறுவள மையக் கூட்டத்துக்கு, அதே பக்கத்தில் மாணவர்கள் எழுதிய விடைகளில் நான்கைந்தைக் கொண்டுவரச் சொல்ல வேண்டும். தாம் குறித்த இடத்திலேதான் இடறினார்களா, வேறிடத்திலா என்பதிலிருந்து அன்றைய பயிற்சியைத் தொடங்கலாம்.